நான்கு நட்டு, பத்து நிமிடம்: பழைய புல்லட்டின் முன்சக்கரம் பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களைப் பேணி வருவோரைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். அரை நூற்றாண்டு ஓடிய வண்டிகளைக் காயலான் கடைக்குப் போகவிடாமல் காப்பாற்றுகிறவர்களுக்கு ஒரு நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய செய்திதான். ஆனால் அக்கட்டுரையின் கடைசிப் பத்தியில், வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க வேலைகளைச் சொல்லும் இடத்தில், முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது நான்கு நட்டு வேலைதான், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்ற பொருளில் ஒரு வரி வந்திருக்கிறது. கழற்றுவதற்கு அந்தக் கணக்கு சரி. திரும்ப மாட்டுவதற்கு அது சரியல்ல என்பதையும், அந்த வரியை நம்பி வேலையில் இறங்குகிறவர் எதில் போய் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதையும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தகப்பனார் வாங்கி, அவருக்குப் பின் என் கைக்கு வந்த 350 சி.சி. புல்லட் ஒன்று வீட்டில் இருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் 1955-இல் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய திருவொற்றியூர் ஆலையில், எழுபதுகளில் உருவான வண்டி அது. கியர் மிதி வலது காலிலும் பின்பிரேக் இடது காலிலும் இருக்கும் பழைய அமைப்பு. முன்னால் 6 அங்குல ட்ரம் பிரேக். இதன் முன்சக்கரத்தை எத்தனை முறை கழற்றி மாட்டியிருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை. மாட்டும்போது ஒருமுறைகூட அது பத்து நிமிடத்தில் முடிந்ததில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் முன்டயரை மாற்ற வேண்டியிருந்தது. மூட்டுவலியால் தரையில் உட்கார முடியாத நிலையில், நகரில் நல்ல பெயருள்ள ஒரு பணிமனையில் வண்டியை விட்டேன். அன்று மாலையே வண்டி தயாராகிவிட்டது. மறுநாள் காலை சிந்தாமணிப் பக்கத்திலிருந்து காவிரிப் பாலத்தின் மேல் மாம்பழச்சாலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன நகரப் பேருந்து ஆள் ஏற்றுவதற்காகத் திடீரென்று நின்றது. முன்பிரேக்கைப் பிடித்தேன்; லீவர் கைப்பிடியைத் தொட்டதே தவிர, வண்டியின் வேகம் குறையவில்லை. இடது காலால் பின்பிரேக்கை மிதித்ததில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே போய், பேருந்தின் பின் பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மெதுவாகப் போனதால் தப்பித்தேன். வேறு பெருமை அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, மூட்டுவலியைப் பார்க்காமல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வண்டியை நேராக நிறுத்தி முன்பக்கத்தை அழுத்தினால் முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் கீழே போனது; ஆனால் துள்ளி மேலே வராமல் பாதியில் முனகிக்கொண்டு நின்றது. ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் அடித்தொப்பிகளில் வலப்பக்கத் தொப்பியின் முன் நட்டு முழுதாக இறுகி, அங்கே தொப்பிக்கும் ஃபோர்க் காலுக்கும் இடையில் இடைவெளியே இல்லாமல் இருந்தது. அதே தொப்பியின் பின்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. நான்கு நட்டுகளில் இரண்டின் முனைகள் மழுங்கிப் போயிருந்தன. சக்கரத்தைக் கழற்றி, ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது, இரண்டு ஷூக்களில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு லைனிங், அதாவது ட்ரம்மோடு உராயும் மேற்பரப்பு, பளபளத்தது. மீதி இடமெல்லாம் ட்ரம்மைத் தொட்ட அடையாளமே இல்லாமல் மங்கலாக இருந்தது. அதாவது, நான் பிரேக்கைப் பிடித்தபோது வண்டியை நிறுத்தப் போராடியது அந்த இரண்டு விரல் அகலம் மட்டுமே.

டயரில் பழுதில்லை. பேரிங்கில் பழுதில்லை. கழன்ற பொருள் ஒன்றும் இல்லை. நான்கு நட்டுகளும் இறுகித்தான் இருந்தன. வேலையில் குறை எங்கே என்றால், இறுக்கிய வரிசையில்தான். கட்டுரையாளர் பத்து நிமிடம் என்று எழுதியதில் விடுபட்டுப் போனதும் அதுவே.

பணிமனைத் தம்பியை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் ஏன் அப்படி இறுக்கினார் என்பதையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. சில ஜப்பானிய வண்டிகளில் ஆக்ஸில் தொப்பியின் மேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்பு முன்னோக்கி இருக்குமாறு தொப்பியை வைத்து, முன் நட்டை முதலில் முழுதாக இறுக்கி, பிறகு பின் நட்டை இறுக்கி, பின்பக்கம் ஓர் இடைவெளி இருக்கும்படி விடுவதே அங்கே முறை. அந்த வண்டிகளில் கைபழகியவர் அதே பழக்கத்தில் என் வண்டியையும் முடித்திருக்கிறார். என் புல்லட்டின் தொப்பியில் அம்புக்குறி கிடையாது. அதை முன்னும் பின்னும் மாறி மாறி, ஒவ்வொரு முறையும் கால் சுற்றோ அரைச் சுற்றோ மட்டுமே இறுக்கி, இரு பக்கத்து இடைவெளியும் சமமாக இருக்கும்படி கொண்டுவர வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் முடித்துவிட்டால் தொப்பி சாய்ந்து, ஆக்ஸிலை முழு வட்டமாகப் பிடிக்காமல் ஓர் ஓரத்தில் மட்டும் கடிக்கும். சாய்ந்த தொப்பியை அதற்குமேல் பலமாக இறுக்கினால் போல்ட்டின் மரை இழுத்துக்கொண்டு வருவதும், தொப்பி விரிசல் விடுவதும் உண்டு. கழற்றும்போதே எந்தத் தொப்பி எந்தக் காலில், எந்தப் பக்கம் முன்னோக்கி இருந்தது என்று பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது என் வழக்கம். ஐம்பது ஆண்டுகளாக ஓர் இடத்தில் பதிந்து பழகியதை இடம் மாற்றி உட்காரவைப்பதில் எந்த லாபமும் இல்லை.

இனி, ஃபோர்க் ஏன் முனகியது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு ஃபோர்க் கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக நின்றால்தான் உள்குழாய்கள் தடையின்றி ஏறி இறங்கும். அந்த இரண்டு கால்களையும் கீழே சேர்த்துக் கட்டுவது ஆக்ஸில்தான். வண்டி ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இருபுறத் தொப்பிகளையும் இறுக்கி முடித்துவிட்டால், அந்தக் கணத்தில் கால்கள் எப்படி நின்றனவோ, அகன்றோ நெருங்கியோ, அப்படியே பூட்டப்பட்டுவிடும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் குழாய்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஏறி இறங்கும். ஆயில் சீல் சீக்கிரம் தேயும். முன்சக்கரம் சாலையை விட்டு எழும்பும். எழும்பிய சக்கரத்தில் எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயனில்லை.

ஆகவே ஒரு பக்கத் தொப்பியை மட்டும் சமமாக இறுக்கிவிட்டு, மறுபக்கத்து நட்டுகளை விரலால் திருகிய அளவில் விட வேண்டும். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கைப்பிடியைப் பிடித்து, முன்பக்கத்தை ஐந்தாறு முறை நன்றாக அமுக்கி எழுப்ப வேண்டும். ஒருபக்கத் தொப்பி தளர்ந்திருக்கும்போது இப்படிச் செய்யலாமா என்று பயப்பட வேண்டியதில்லை. வண்டி தரையில் நிற்கும்போது அதன் பாரம் ஃபோர்க் காலின் அடிவழியாக ஆக்ஸிலின் மேல் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அடியிலிருக்கும் தொப்பி அந்தப் பாரத்தைத் தாங்குவதில்லை, சக்கரம் நழுவிக் கீழே வராமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. அமுக்கி எழுப்பும்போது தளர்ந்த பக்கத்துக் கால் ஆக்ஸிலின் மேல் தானாக நகர்ந்து தனக்கான இடத்தைத் தேடிக்கொள்ளும். உற்றுப் பார்த்தால் அது அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் நகர்வது கண்ணுக்கே தெரியும். அதன்பிறகுதான் அந்தப் பக்கத்தை இறுக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மூன்று நிமிடம்கூடப் பிடிக்காது. ஆனால் இதைச் செய்து நான் பார்த்த பணிமனைகள் மிகக் குறைவு.

பிரேக்குக்கு வருகிறேன். இன்றைய இளைஞர்கள் பெரும்பாலும் டிஸ்க் பிரேக்கில் ஓட்டிப் பழகியவர்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் 2019 ஏப்ரல் முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆகிவிட்டது. டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிஸ்டன் தானே முன்னால் நகர்ந்து ஈடுகொடுத்துவிடும். ட்ரம் பிரேக்குக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதன் ஷூக்கள் ட்ரம்முக்கு நடுவில் இருக்கின்றனவா, கேபிள் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் மாட்டுகிறவர்தான் பார்த்து வைக்க வேண்டும்.

பழைய புல்லட்டின் ஒற்றை லீடிங் ஷூ பிரேக்கில் இரண்டு ஷூக்களும் சமமாக உழைப்பதில்லை. முன்னோக்கிச் சுழலும் ட்ரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக அழுத்திக்கொள்கிறது. மற்றொன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறது. முதலாவதுதான் லீடிங் ஷூ, பிரேக்கின் பலத்தில் பெரும்பங்கு அதனுடையது. பிரேக் பிளேட் ஒரு நூல் அளவு ஒதுங்கி உட்கார்ந்து, அந்த ஷூ முழு நீளத்துக்கும் ட்ரம்மைத் தொடாமல் போனால், மனிதர் எவ்வளவு பலமாக லீவரைப் பிடித்தாலும் பிரயோசனம் இல்லை. பிற்காலத்தில் வந்த 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ பிரேக்கில் இரண்டு ஷூக்களுமே இழுபடுபவை. முன்னோக்கிப் போகும்போது நன்றாகப் பிடிக்கும். ஆனால் மேட்டில் நிற்கும்போது வண்டி பின்னோக்கி உருண்டால் அதே இரண்டும் தள்ளிவிடப்படும் ஷூக்களாக மாறிவிடுவதால் பிடி குறைவு. ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் போகிறவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருப்பார்கள். அந்த வகையில் ஷூக்களை விரிக்கும் இரண்டு கேம்களையும் இணைக்கும் கம்பியின் நீளத்தையும் சரிசெய்து, இரண்டு ஷூக்களும் ஒரே நேரத்தில் ட்ரம்மைத் தொடும்படி வைக்க வேண்டும். அது தனி வேலை.

ஷூக்களை நடுவில் உட்காரவைக்கும் முறையை என்னால் முடிந்தவரை தெளிவாகச் சொல்கிறேன். சக்கரத்தை ஃபோர்க்கில் ஏற்றி, தொப்பிகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, பிரேக் பிளேட்டைப் பிடிக்கும் ஆக்ஸில் நட்டை முழுதாக இறுக்காமல் விட வேண்டும். கேபிளை மாட்டி, ஒருவர் சக்கரத்தை முன்னோக்கி வேகமாகச் சுற்றிவிட, மற்றவர் பிரேக் லீவரைத் திடீரென்று இறுகப் பிடித்து, பிடித்தபடியே இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் இரண்டு ஷூக்களும் விரிந்து ட்ரம்மின் உட்சுவரில் போய் ஒட்டும்போது பிளேட் தானாகவே நடுவுக்கு நகர்ந்து நிற்கும். லீவரை விடாமலேயே ஆக்ஸில் நட்டை இறுக்க வேண்டும். தொப்பிகளை முன்சொன்ன வரிசையில் இறுக்குவது இதற்குப் பிறகுதான். இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதில்லை. லீவரையும் கைப்பிடியையும் சேர்த்துப் பழைய டியூப் துண்டால் கட்டிவிட்டால் ஒருவரே செய்துவிடலாம். எங்கள் வீட்டில் இந்த லீவர் பிடிக்கும் வேலையை முதலில் என் மகன் செய்தான், இப்போது பேத்தி செய்கிறாள். தாத்தா நட்டை இறுக்கி முடித்துச் சொல்லும்வரை லீவரை விடக்கூடாது என்பதை அவளுக்கு ஒருமுறைதான் சொன்னேன்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டிய ஒன்று, பிரேக் பிளேட்டின் பிடி. பிரேக் பிடிக்கும்போது ட்ரம் தன்னோடு பிளேட்டையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கும். அப்படிச் சுற்றாமல் தடுப்பதற்காகப் பிளேட்டில் இருக்கும் பிடி, ஃபோர்க் காலில் அதற்கென்று இருக்கும் இடத்தில் சரியாகப் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். அது பூட்டாமல் சக்கரத்தை மாட்டிவிட்டால், தள்ளிப் பார்க்கும்போதோ தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கும்போதோ ஒன்றும் தெரியாது. வேகத்தில் முதல்முறை பலமாகப் பிரேக் பிடிக்கும் கணத்தில் பிளேட் சுழன்று, கேபிளைத் தன்மேல் சுருட்டிக்கொண்டு, முன்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஆளோடு 200 கிலோவைத் தாண்டும் வண்டி முன்சக்கரம் பூட்டி நின்றால் ஓட்டுகிறவர் எங்கே போய் விழுவார் என்று நான் எழுத வேண்டியதில்லை. சக்கரத்திலிருந்து ஸ்பீடோமீட்டரை இயக்கும் டிரைவின் காதுகளும் அவ்வாறே தங்கள் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அது உட்காராவிட்டால் நசுங்கிப் போவது ஒரு சிறு பொருள் மட்டுமே, பணத்தோடு போய்விடும்.

நட்டுகள் மழுங்கியதைப் பற்றிச் சொன்னேன். இதுவும் பழைய வண்டிகளுக்கே உரிய சிக்கல். ரெட்டிச்சிலிருந்து வந்த வரைபடங்களின்படி செய்யப்பட்ட இந்த வண்டிகளின் பல நட்டு போல்ட்டுகள் இங்கிலாந்தின் விட்வொர்த் குடும்பத்து அளவுகளைச் சேர்ந்தவை. கால் அங்குலம் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பானரின் வாய் கால் அங்குலம் இருக்காது. அந்த எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது. அளந்து பார்த்தால் வாய் 13.3 மில்லிமீட்டர் வரும். பணிமனையில் கைக்கு அகப்படும் 13 ஸ்பானர் அந்த நட்டில் ஏறாது. 14 ஏறும், ஆனால் ஆடும். ஆடும் ஸ்பானரால் இறுக்கினால் முனை மழுங்கும். மழுங்கிய நட்டு போதிய இறுக்கம் வாங்காது. அடுத்தமுறை கழற்றவும் வராது, உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டியதுதான். மரையின் கோணமும் வேறு: விட்வொர்த்துக்கு 55 பாகை, மெட்ரிக்குக்கு 60 பாகை. ஏறக்குறைய பொருந்துகிறதே என்று ஒரு மெட்ரிக் நட்டை ஏற்றி இறுக்கிவிட்டால் இரண்டின் மரையும் கெடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது பளபளக்கும் கண்ணாடியும் ஹாரனும் அல்ல, ஒரு செட் விட்வொர்த் ஸ்பானர். பழைய இரும்புச் சந்தைகளில் இன்றும் கிடைக்கின்றன. என்னிடம் இருப்பவற்றில் மூன்றை அப்படித்தான் பொறுக்கினேன்.

லைனிங் பற்றியும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பேரிங்கில் கிரீஸை அமுக்கி நிறைத்துவிட்டால், சக்கரம் ஓடிச் சூடேறும்போது மிகுதியான கிரீஸ் உருகிச் சீலைத் தாண்டி ட்ரம்முக்குள் இறங்கும். கிரீஸ் குடித்த ஷூவைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி, உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டுகிற வழக்கம் நம் ஊர்ப் பணிமனைகளில் இருக்கிறது. மேலே காய்ந்தாற்போல் தெரிந்தாலும் உள்ளே ஊறிய எண்ணெய் பிரேக் சூடாகும்போதெல்லாம் கசிந்து வரும். அந்த ஷூவுக்குப் புது லைனிங் போடுவது தவிர வேறு வழியில்லை. புது லைனிங் போட்டாலும் அது ட்ரம்மின் வளைவோடு உடனே பொருந்திவிடாது. பணிமனையில் நாங்கள் இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று படிகின்றனவா என்று பார்க்க நீலம் தடவுவோம். வீட்டில் அதற்குப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் போதும். லைனிங்கின் மேல் சாக்பீஸைத் தேய்த்து, மாட்டி, சக்கரத்தைச் சுற்றி ஒருமுறை பிரேக் பிடித்துக் கழற்றினால், சுண்ணம் அழிந்த இடம்தான் மேடு. அந்த மேட்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் முக்கால்வாசிப் பரப்பாவது தொடும். மீதியை ஓட்டம் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் தேய்க்கும்போதும் ட்ரம்மைத் துடைக்கும்போதும் வரும் தூளை வாயால் ஊதுவதும், கம்ப்ரஸர் குழாயை வைத்துக் காற்றடிப்பதும் கூடவே கூடாது. அக்காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வழக்கம். அந்த நார்த்தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட நோயாக வெளிப்படும். புற்றுநோயும் அதில் அடக்கம். பழைய வண்டியின் ட்ரம்மைத் திறக்கிறவர் முகத்தை மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். பணிமனைகளில் இந்த ஊதுகிற வேலை வயதில் சிறிய பையன்கள் தலையில்தான் வந்து விழுகிறது என்பதால் இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன். தங்கள் கட்டுரையின் படம் ஒன்றிலும் ஒரு பையன் காற்றுக்குழாயோடு நிற்பதைப் பார்த்தேன்.

டயரைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 19 அங்குல ரிம், 3.25 அளவு டயர், பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அதன்படி. ஆனால் டயர் கழன்று ரிம் வெறுமையாக இருக்கும் அந்த நேரத்தில் 40 ஸ்போக்ஸையும் ஒரு ஸ்பானரால் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. இறுகிய கம்பி கணீரென்று சொல்லும், தளர்ந்தது சொத்தென்று சொல்லும். கம்பிகளை இறுக்கித் தளர்த்தி ரிம்மின் கோட்டம் எடுப்பது கைபழகியவர் வேலை. அதை மட்டும் நானே ஒரு பழைய சைக்கிள் கடைக்காரரிடம்தான் இன்றும் கொடுக்கிறேன்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் கைப்பிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, அப்போது கேபிள் இழுபட்டு ஷூ உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே நடந்து பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு கிலோமீட்டர், கூடுமானவரை முன்பிரேக்கைத் தொடாமல், ஓட்டிவிட்டு வந்து ட்ரம்மின் பக்கத்தில் புறங்கையை மெல்லக் கொண்டுபோனால் சூடு தெரியக்கூடாது. பிரேக்கைத் தொடாமலே சூடு ஏறியிருந்தால் ஷூ எங்கோ உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன்பின் நான்கு தொப்பி நட்டுகளையும் ஆக்ஸில் நட்டையும் இன்னொரு முறை ஸ்பானர் வைத்துப் பார்க்க வேண்டும். தொப்பி படிந்து ஒரு சிறு தளர்வு வந்திருப்பது சகஜம்.

இவ்வளவு பாடு எதற்கு, முன்பக்கத்தையே மாற்றி ஒரு டிஸ்க் பிரேக் ஃபோர்க்கை ஏற்றிவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டுகிறவர் கேட்டால் நான் வாதாட மாட்டேன். ஆனால் மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர வாகனங்களைத்தான் பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்ள முடியும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பதிவு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாம் அதில் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரிலிருந்து வெளிவந்த வண்டிகள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. அவற்றின் மூல வடிவத்தைக் காக்க நினைப்பவர்கள் அந்த ட்ரம் பிரேக்கோடுதான் வாழ்ந்தாக வேண்டும். அப்படியானால் அதை முறையாக மாட்டத் தெரிந்தவர்கள் இருந்தாக வேண்டும். தங்கள் கட்டுரை பாராட்டியதும் அத்தகையவர்களைத்தானே.

அதற்குப் பிறகு நான் அந்தப் பணிமனைக்குத் திரும்பப் போனேன். சண்டை போடுவதற்காகப் போகவில்லை. சக்கரத்தை வேலை பார்த்த தம்பியை அழைத்து, தொப்பியின் பின்பக்க இடைவெளியில் நாணயத்தை நுழைத்துக் காட்டினேன். "ஐயா, இறுக்கினா சரின்னு நெனச்சேன்" என்றார். அங்கேயே அவரை லீவரைப் பிடிக்கச் சொல்லி, ஃபோர்க்கை அமுக்கச் சொல்லி, முதலிலிருந்து மாட்டிக் காட்டியதில் முன்பகல் முழுவதும் போய்விட்டது. கூலி வேண்டாம் என்றார் முதலாளி. கூலி நான் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், ஏனென்றால் பாதி வேலையை அவர் ஆள்தான் செய்தார்.

எனவே, கட்டுரையில் வந்துள்ள அந்த வரியை, பழைய புல்லட்டின் முன்சக்கரத்தைக் கழற்றப் பத்து நிமிடம், மாட்ட அரை நாள் என்று திருத்தி, கூடுமானால் வரும் ஞாயிறு இணைப்பிலேயே வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் இக்கடிதத்தில் எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள். பிரேக் பிளேட்டின் பிடியைப் பற்றிய பத்தியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பொன்மலைப் பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
திருச்சிராப்பள்ளி.